மனைவியை அழைக்க 29,000 பவுண்: கணவரின் சம்பளம் போதவில்லை, வீட்டிலுள்ள பணத்தால் நிரப்பலாமா?

கொட்டகலை டீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கணவர் இங்கிலாந்தில், லெஸ்டர் நகரில் இருக்கிறார். மாணவராகப் போனவர், பத்து ஆண்டுகள் சட்டப்படி வசித்ததன் பேரில் நிரந்தர வதிவிட உரிமை எடுத்துவிட்டார். கடவுச்சீட்டு இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். சென்ற ஆண்டு இங்கே வந்து பதிவுத் திருமணமும் கோயில் திருமணமும் முடித்துவிட்டு, சீக்கிரம் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். மனைவியை அழைக்கிறவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் இருக்க வேண்டும் என்ற கதையே அவர் போன பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிய வந்தது.

அவர் ஒரு களஞ்சியசாலையில் பொதி கட்டுகிறார். மணிக்கு 12.21 பவுண், வாரம் 40 மணி நேரம். பெருக்கிப் பார்த்தேன், ஆண்டுக்கு 25,396 பவுண் 80 பென்ஸ் வருகிறது. குறைவது 3,603 பவுண். பவுண் நானூறு ரூபாய் என்று வைத்தால் பதினான்கு இலட்சத்துக்குச் சற்று மேல்.

இதைக் கேட்டதும் வீட்டில் பெரியவர்கள் கூடி உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா தோட்டத்தில் ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் வங்கியில் நிலையான வைப்பில் கிடக்கின்றன. அம்மாவின் நகை இருக்கிறது. கட்டாரில் இருக்கும் தம்பி மிச்சத்தைத் தருவதாகச் சொல்கிறான். குறை பதினான்கு இலட்சம்தானே, அதை மாப்பிள்ளை கணக்கில் போட்டு நிரப்பிவிட்டால் முடிந்தது என்று தீர்மானித்து, நகையை அடகு வைப்பதா விற்பதா என்பது வரைக்கும் பேச்சு போய்விட்டது. எனக்கு மட்டும் இது இவ்வளவு சுலபமாக இருக்காது என்று படுகிறது.

என் சம்பளத்தையும் கணவரின் சம்பளத்தோடு சேர்த்துக் காட்ட முடியாதா? "அக்காவின் செலவுக்கு நான் பொறுப்பு" என்று தம்பி ஒரு கடிதம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களா? கணவர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தமிழ்க் கடையில் நின்று கையில் காசு வாங்குகிறார், அதைச் சேர்க்கலாமா? கடைசியாக, இங்கே ஒரு ஏஜென்சிக்காரர் இருக்கிறார். பெருந்தொகை ஒன்றை எங்கள் கணக்கில் தானே போட்டு ஆறு மாதம் வைத்திருப்பாராம். நாங்கள் மாதாமாதம் வட்டி கட்ட வேண்டுமாம். "எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள், டீச்சர்" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


செக்ரோல் எழுதியது:

டீச்சர், நகையில் கை வைக்க வேண்டாம் என்று இன்றிரவே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். மற்றதை ஆறுதலாகப் பேசலாம்.

மஸ்கெலியாவில் தோட்ட அலுவலகத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளரின் வரவும் கூலியும் பதியும் புத்தகம், எழுதியவன் நான். இப்போது வுல்வர்ஹாம்டனில் குடும்பத்தோடு இருக்கிறேன். மனைவியை அழைத்தபோது எனக்கிருந்த எல்லை 18,600 பவுண். அது 2012 ஜூலையில் வந்தது. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு 29,000. அதற்கு முன்பே விண்ணப்பித்தவர்கள் அதே துணையோடு நீட்டிப்பு எடுக்கும்போது பழைய எல்லையிலேயே எடுக்கிறார்கள். ஆகவே, "எங்கள் டிவிஷன் பையன் இருபதாயிரம் சம்பளத்திலேயே பெண்சாதியைக் கூப்பிட்டுவிட்டான்" என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. உங்களுக்கு அது உதவாது, அவ்வளவுதான்.

38,700 என்று பயமுறுத்துகிறவர்களும் வருவார்கள். 2023 டிசம்பரில் அன்றைய அரசாங்கம் அப்படி அறிவித்தது உண்மை. படிப்படியாக ஏற்றுவதாகச் சொல்லி முதற்படியாக 29,000 வைத்தார்கள். ஆட்சி மாறிய பிறகு அதற்கு மேல் ஏறவில்லை. 2025 ஜூனில் குடிபெயர்வு ஆலோசனைக் குழு ஓர் அறிக்கை கொடுத்தது. 23,000க்கும் 25,000க்கும் இடையில் வருமானம் இருந்தாலே ஒரு குடும்பம் தன் காலில் நிற்க முடியும் என்பது அதிலுள்ள ஒரு கருத்து. வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை நம்பிக்கொண்டு காத்திருக்கும்படி நான் சொல்ல மாட்டேன்.

தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேராவது, அதாவது அரைநாள் கூலியாவது, போடுவோம். இங்கே அரைப்பேர் கிடையாது. 28,990 பவுண் என்றால் மறுப்புத்தான்.

இனி உங்கள் கேள்விகள். இலங்கையில் நீங்கள் வாங்கும் சம்பளம் கணக்கில் வராது. நீங்கள் வெளியிலிருந்து விண்ணப்பிக்கும்போது கணவர் உழைப்பதைத்தான் பார்ப்பார்கள். இங்கே உங்களுக்கு வேலை தருவதாக யாராவது கடிதம் கொடுத்தாலும் பயனில்லை. நீங்கள் வந்து சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினால், இரண்டரை ஆண்டு கழித்து எடுக்கும் நீட்டிப்பில் உங்கள் சம்பளமும் சேரும்.

தம்பியின் கடிதமும் உதவாது. இந்தக் கடிதப் பழக்கம் அமெரிக்கக் கதைகளைக் கேட்டு வந்தது என்று நினைக்கிறேன். அங்கே வறுமைக்கோட்டின் 125 வீத வருமானம் கேட்பார்கள். கணவருக்குப் போதாவிட்டால் அங்கேயே வசிக்கும் இன்னொருவர் கூட்டுப் பொறுப்பாளராகக் கையொப்பமிடலாம். பிரித்தானியாவில் அந்த வழக்கம் இல்லை. 2017இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் இந்த வருமான எல்லை சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது. ஆனால் பிள்ளைகளின் நலனையும் வேறு வழியில் கிடைக்கும் பணத்தையும் கவனிக்காமல் விட்டதைக் கண்டித்தது. அதன் பிறகு விதியில் ஒரு சிறு கதவு திறந்தார்கள். மறுத்தால் குடும்பத்துக்கு நியாயமற்ற கடுமையான விளைவு வரும் என்று காட்ட முடிந்தவர்களுக்கு மட்டும், மூன்றாம் ஆளின் உதவியையும் பார்ப்பார்கள். அந்தக் கதவால் போனால் நிரந்தர வதிவிடத்துக்கு ஐந்து ஆண்டுக்குப் பதில் பத்து ஆண்டு. நல்ல உடம்போடு, பிள்ளைகள் இல்லாமல், ஆளுக்கொரு நாட்டில் வேலை செய்யும் இருவருக்கு அது திறக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கடையில் கையில் வாங்கும் காசை மறந்துவிடுங்கள். சம்பளச் சீட்டில் இருக்க வேண்டும், அதே தொகை வங்கிக் கூற்றில் விழுந்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசாத பணம் அவர்களுக்குப் பணமே இல்லை. கடைக்காரர் ஒழுங்காகச் சீட்டுக் கொடுத்து, வரி காட்டி, வங்கியில் போடுவதானால் அதை இரண்டாம் வேலையாகச் சேர்க்கலாம். அப்போது அந்த வேலைக்கும் ஆறு மாதம் பூர்த்தியாக வேண்டும்.

பெரியவர்கள் தீர்மானித்த அந்தப் பதினான்கு இலட்சம்தான் இதில் பெரிய விஷயம். நீங்கள் கணித டீச்சர், ஒரு வரியில் விளங்கிவிடும். சேமிப்பால் குறையை நிரப்புவதானால் சூத்திரம் இது: 16,000 கூட்டல் குறையின் இரண்டரை மடங்கு. உங்கள் குறை 3,603.20. இரண்டரையால் பெருக்கினால் 9,008. பதினாறாயிரத்தைக் கூட்டினால் 25,008 பவுண். நீங்கள் சொன்ன நானூறு ரூபாயில் ஒரு கோடிக்கு மேல்.

இந்தப் பதினாறாயிரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். இங்கே ஒருவர் கையில் 16,000 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் பெரும்பாலான வருமானம் பார்த்துத் தரும் அரசாங்க உதவிகள் கிடையாது. அதனால் அந்த அளவு வரைக்கும் உள்ள சேமிப்பை விசாக் கணக்கில் அவர்கள் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை. இரண்டரை என்பது விசாவின் காலம், ஏறத்தாழ இரண்டரை ஆண்டு. ஒவ்வோர் ஆண்டின் குறைக்கும் முன்கூட்டியே பணம் வைத்திரு என்று அர்த்தம். ஆகவே அப்பாவின் சேமலாப நிதி, அம்மாவின் நகை, தம்பியின் பணம் எல்லாவற்றையும் கொட்டி 3,603 பவுணைக் கணக்கில் போட்டாலும் அதன் பெறுமதி பூச்சியம். பாதி நிரம்பியது, முக்கால் நிரம்பியது என்ற பேச்சே இல்லை.

ஏஜென்சிக்காரரைப் பற்றி நாளை எழுதுகிறேன். இரவு வேலைக்குப் புறப்பட வேண்டும்.


டொரன்டோ பதுளையான் எழுதியது:

இதற்கெல்லாம் ஏன் இவ்வளவு பாடு? கனடாவில் கணவன் மனைவியை ஸ்பொன்சர் செய்ய வருமான எல்லையே கிடையாது. நான் வேலை குறைவாக இருந்த காலத்தில்தான் மனைவியை அழைத்தேன். மூன்று ஆண்டுக்கு அவருடைய தேவைகளுக்கு நான் பொறுப்பு என்று கையொப்பமிட்டேன், அவ்வளவுதான். இங்கிலாந்துக்காரர்கள் காதலுக்கும் விலைச்சீட்டு ஒட்டிவிட்டார்கள்!


செக்ரோல் எழுதியது:

பதுளையான் சொல்வது சரி, ஆனால் டீச்சரின் கணவர் இருப்பது லெஸ்டரில். கனடாவில் ஸ்பொன்சர் செய்ய அவர் கனடாவின் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ பெற்றிருக்க வேண்டும். அங்கேயும் சும்மா விடுவதில்லை. உடல் இயலாமைக்காக அல்லாமல் அரசாங்க நிவாரணம் எடுக்கிறவரும், வங்குரோத்து ஆகி இன்னும் அதிலிருந்து விடுவிக்கப்படாதவரும் ஸ்பொன்சர் செய்ய முடியாது. அந்த மூன்று ஆண்டுக்குள் மனைவி நிவாரணம் எடுத்தால், மணமுறிவு ஆகியிருந்தாலும் கணவன்தான் திருப்பிக் கட்ட வேண்டும். அம்மா அப்பாவை அழைக்கப் போனால் அங்கும் மூன்று ஆண்டு வருமானம் கேட்பார்கள்.

டீச்சர், ஏஜென்சிக்காரர் விஷயம். சேமிப்பு உங்களுடையதாக, உங்கள் கட்டுப்பாட்டில், ஆறு மாதம் முழுக்க இருந்திருக்க வேண்டும். அன்பளிப்பாக யாரும் தரலாம். கடன் கூடாது. பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதிக் காட்ட வேண்டும். அவர் தருவது வட்டிக்கு வாங்கிய கடன். அதை அன்பளிப்பு என்று எழுதினால் பொய். பிடிபட்டால் அந்தப் பொய்க்காகவே மறுப்பார்கள். பிறகு நீங்கள் சம்பளம் எல்லாம் சரியாக வைத்து விண்ணப்பித்தாலும் இந்தப் பழைய பொய் கூடவே வரும். பிடிபடாவிட்டாலும் பாருங்கள், ஒரு கோடி ரூபாய்க்கு ஆறு மாத வட்டி! தோட்டத்தில் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று 2024இல் வர்த்தமானியில் போட வைப்பதற்கே நம் ஆட்கள் எத்தனை வருடம் கத்தினார்கள். அந்தச் சம்பளத்தில் சேர்ந்த பணத்தை இவர் வட்டியாக வாங்கிக்கொண்டு போவார்.

சேமிப்பு விதியில் இன்னொன்றும் இருக்கிறது. வீடு, காணி விற்ற பணமாக இருந்தால், அந்தச் சொத்து உங்கள் பெயரில் இருந்த காலத்தையும் ஆறு மாதத்தோடு சேர்த்துப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் அப்படித்தான் ஒரு காணித் துண்டை விற்றுக் காரியத்தை முடித்தார். நமக்கு விற்பதற்கு உறுதிக்காணி எங்கே இருக்கிறது? நான் பிறந்த, தோட்டத்து வரிசை வீடான லயன் அறைக்கு இன்றைக்கும் எங்கள் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. சட்டம் எழுதியவர்கள் மஸ்கெலியாவை நினைத்து எழுதவில்லை என்பது தெரிந்ததுதான், இருந்தாலும் அந்தப் பந்தியை வாசித்தபோது எனக்கு எரிந்தது.

ஆகவே பணத்தைத் தேட வேண்டிய இடம் கொட்டகலை இல்லை, கணவரின் சம்பளச் சீட்டு. குறை மாதத்துக்கு 300 பவுண். அதே 12.21 வீதத்தில் வாரம் 46 மணி நேரம் செய்தால் ஆண்டுக்கு 29,206. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு தருகிற இடமானால் வாரத்துக்கு நான்கு மணி நேரம் கூடச் செய்தாலே போதும். சனிக்கிழமை அரைநாள். மணிக்கணக்குச் சம்பளக்காரருக்கு, ஒரே முதலாளியிடம் ஆறு மாதம் வேலை செய்திருந்தால், அந்த ஆறு மாதத்தின் மொத்தச் சம்பளத்தைச் சராசரி எடுத்துப் பன்னிரண்டால் பெருக்குவார்கள். மேலதிக நேரமும் அதில் சேரும். வரி கழிக்க முன் உள்ள தொகைதான் கணக்கு. ஆறு மாதத்தில் 14,500 பவுண் காட்ட வேண்டும்.

அப்பாவின் பணத்துக்கு வேறு வேலை இருக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 1,938 பவுண் ஆனது. சுகாதார வரி ஆண்டுக்கு 1,035. விசா 33 மாதம் என்பதால் மூன்று ஆண்டுக்கு எடுப்பார்கள், 3,105. அந்தக் கட்டணத்தின்படி இரண்டும் சேர்ந்து 5,043 பவுண், இருபது இலட்சம் ரூபாய். இதை யார் கட்டினாலும் கேள்வி இல்லை, ஆறு மாதம் வைத்திருந்து காட்டவும் தேவையில்லை. முடிந்தால் அதையும் மாப்பிள்ளையே கட்டட்டும். முடியாவிட்டால் மட்டும் அப்பாவிடம் கேளுங்கள்.


கொட்டகலை டீச்சர் எழுதியது:

அண்ணா, மிக்க நன்றி. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுவது போல ஒரு கொப்பியில் எழுதி அப்பாவுக்குக் காட்டினேன். "பதினாறாயிரத்தைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணத் தொடங்குவானா?" என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு ஏஜென்சிக்காரருக்குத் தானே தொலைபேசி எடுத்து, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு நிம்மதி, ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

கணவரிடம் பேசினேன். அவருடைய இடத்தில் மேலதிக நேரம் நிச்சயமில்லையாம். நத்தார் காலத்தில் குவியும், பிறகு காய்ந்துவிடும். ஆனால் வேறொரு நிறுவனம் மணிக்கு 14 பவுணுக்கு வேலை தருவதாகச் சொல்கிறது, அதுவும் 40 மணி நேரம். 29,120 வருகிறது. எல்லையைத் தாண்டிவிடுகிறது. அங்கே சேர்ந்த மறுமாதமே விண்ணப்பிக்கலாமா? அடுத்தது, சித்திரையில் அவர் இங்கே வந்து போக ஆசைப்படுகிறார். வந்தால் ஏதும் பாதிப்பா?


செக்ரோல் எழுதியது:

மறுமாதம் முடியாது. ஆறு மாதத்துக்குக் குறைவாக ஓர் இடத்தில் வேலை செய்தவருக்கு வேறு கணக்கு. இப்போதைய சம்பளம் 29,000 அளவில் இருக்க வேண்டும், அதோடு கடந்த பன்னிரண்டு மாதத்தில் வரி கழிக்க முன் பெற்ற மொத்தச் சம்பளமும் 29,000ஐத் தொட்டிருக்க வேண்டும். உங்கள் கணவர் இரண்டாவதில் விழுந்துவிடுவார். புதிய இடத்தில் ஆறு மாதம் முடித்துவிட்டே போடுங்கள்.

14 பவுண் நல்ல வீதம்தான், ஆனால் அந்த 29,120ஐ நம்பி நிம்மதியாகத் தூங்க வேண்டாம். ஆறு மாதத்துக்கு அது 14,560. தேவை 14,500. இடையில் இருப்பது 60 பவுண். ஆறு மாதத்தில் ஐந்து மணி நேரச் சம்பளம் வெட்டுப்பட்டால் முழு விண்ணப்பமும் போச்சு. ஒரு தடிமன் காய்ச்சல் போதும்! மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது கூடச் செய்து வைக்கச் சொல்லுங்கள். நான் எழுதிய காலத்திலும் பார்த்திருக்கிறேன், மாதக் கடைசியில் ஒரு நாள் கூலிப் பேருக்காக அலைகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாரத்தில் அசட்டையாக இருந்தவர்கள்.

சித்திரைக்கு வரட்டும். சம்பளத்தோடு கூடிய விடுமுறையில் வந்தால் கணக்கு குறையாது. சம்பளமில்லா விடுப்பு எடுத்து ஒரு கிழமை கூட நிற்கலாம் என்று நீங்கள் இருவரும் ஆசைப்பட்டால்தான் ஆபத்து.

புதிய முதலாளியிடம் கடிதம் ஒன்று வாங்க வேண்டும். எப்போது சேர்ந்தார், என்ன வேலை, எவ்வளவு சம்பளம், அந்தச் சம்பளம் எத்தனை காலமாக, நிரந்தரமா ஒப்பந்தமா என்று அதில் இருக்க வேண்டும். வாரச் சம்பளமானால் ஆறு மாதத்துக்குமான எல்லா வாரச் சீட்டுகளும் வேண்டும், ஒன்றுகூட விடுபடக் கூடாது. வந்தவுடன் ஒரு கோப்பில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஆண்கள் கைப்பேசியில் இருக்கிறது என்பார்கள், பிறகு அந்தக் கைப்பேசி உடையும்.


பொகவந்தலாவ மகள் எழுதியது:

டீச்சர், அண்ணா பணத்தை மட்டும் பேசுகிறார். கணவர் லெஸ்டரில் எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறார் என்று கேட்டீர்களா? என் கணவர் இன்னொருவரோடு ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்தார். அது சரிவராது. முழு வீடு தேவையில்லை, ஆனால் உங்கள் இருவருக்கு மட்டுமே என்று ஓர் அறையாவது இருக்க வேண்டும். வீட்டில் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேல் ஆட்கள் இருக்கக் கூடாது. வீட்டுக்காரரின் கடிதமும் வாடகை ஒப்பந்தமும் கேட்பார்கள். ஆறு மாத வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இதையும் பார்க்கச் சொல்லுங்கள். தனி அறை எடுத்தால் வாடகை கூடும், அதையும் இப்போதே அவர் பழகிக்கொள்ளட்டும்.

ஆங்கிலப் பரீட்சை ஏ1 என்ற அடிப்படை நிலை, பேசுவதும் கேட்பதும் மட்டும். உங்கள் பட்டம் ஆங்கில மொழிமூலமாக இருந்து, அதைப் பிரித்தானியாவில் இதற்கென உள்ள நிறுவனம் உறுதிப்படுத்தினால் பரீட்சை தேவையில்லை. தமிழ்மூலம் என்றால் எழுதத்தான் வேண்டும். ஒரு டீச்சருக்கு அது பெரிய காரியமில்லை, ஆனால் அவர்கள் அங்கீகரித்த இடத்தில் எழுதியிருக்க வேண்டும். ஊரில் சும்மா ஒரு சான்றிதழ் எடுத்துவிடாதீர்கள். காசநோய்ப் பரிசோதனை கொழும்பில். அந்தச் சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும், ஆகவே அதற்கு இப்போதே ஓட வேண்டாம்.

நீங்கள் இருவரும் பேசிக்கொண்டதற்கு, அவர் பணம் அனுப்பியதற்கு, வந்து போனதற்கு எல்லாம் ஆதாரம் சேருங்கள். திருமண அல்பம் முழுவதையும் அனுப்பாதீர்கள். எங்கள் வீட்டில் பந்தியில் சாப்பிடுகிறவர்களின் படம் வரைக்கும் எடுத்து வைத்தார்கள். நாளுக்கொன்று என்று இல்லாமல், மாதத்துக்குச் சில உரையாடல்கள், கடவுச்சீட்டில் குத்திய முத்திரை, விமான டிக்கெட், இவையே எனக்குப் போதுமாக இருந்தன.


பழைய பதிவாளர் எழுதியது:

டீச்சர் மகள், நான் நுவரெலியா மாவட்டத்தில் பதிவாளர் பணிமனையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஒரு விஷயம் மட்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகச் சான்றிதழ் நான்கையும் மேசையில் வரிசையாக வைத்து, உங்கள் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளின் பெயரைக் கேட்டபடி எழுதியவர்கள் உண்டு, சிங்களத்தில் எழுதி அதிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தவையும் உண்டு. தகப்பனார் பெயர் ஒன்றில் முழுதாகவும் இன்னொன்றில் தலைப்பெழுத்தாகவும் இருக்கும். சிறு வேறுபாடானால் இரண்டு பெயருக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம். பிறந்த திகதியோ பெற்றோர் பெயரோ பிழையாக இருந்தால் அதைப் பதிவேட்டிலேயே திருத்த வேண்டும். அதற்குக் காலம் எடுக்கும். இந்த ஆறு மாதம் அதற்குத்தான்.

தமிழிலோ சிங்களத்திலோ உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடமே கொடுங்கள். கொடுக்கும்போது கடவுச்சீட்டின் பிரதியையும் சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் தம் விருப்பப்படி ஆங்கில எழுத்துப் போட்டுவிடுவார், உங்களுக்கு ஐந்தாவது பெயர் ஒன்று முளைக்கும்.


கொட்டகலை டீச்சர் எழுதியது:

ஐயா, நான்கையும் எடுத்து வைத்துப் பார்த்தேன். கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் சரி. பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது, விவாகச் சான்றிதழில் இல்லை. இதற்குச் சத்தியக்கடதாசி போதுமா?

அக்கா, நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. அவர் நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒருவரோடு அறையைப் பகிர்ந்துதான் இருக்கிறார். இத்தனை காலம் என்னிடம் "அறை" என்று மட்டும் சொல்லியிருந்தார்! இப்போது தனி அறை தேடுகிறார்.

அண்ணா, புதிய வேலைக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் முதலாம் திகதி சேர்கிறார். விண்ணப்பத்தை எந்த நாளில் போட வேண்டும் என்று எப்படி எண்ணுவது?


பழைய பதிவாளர் எழுதியது:

ஓர் எழுத்துக்குப் போதும். இரண்டு பெயரையும் உள்ளபடியே அதில் எழுதச் சொல்லுங்கள். அப்பாவின் அடையாள அட்டை இலக்கத்தையும் போடுங்கள்.


செக்ரோல் எழுதியது:

சேர்ந்த நாளிலிருந்து ஆறு மாதம் பூர்த்தியாகி, ஆறாவது மாதச் சம்பளம் வங்கியில் விழுந்த பிறகு போடுங்கள். கடைசிச் சம்பளச் சீட்டுக்கும் வங்கிக் கூற்றுக்கும் விண்ணப்ப நாளுக்கும் இடையில் 28 நாளுக்கு மேல் போகக் கூடாது. முதலாளியின் கடிதத்துக்கும் அதே 28 நாள்தான். முந்திக் கேட்டு வாங்கி வைத்தால் பழையதாகிவிடும், பிந்திக் கேட்டால் அலுவலகத்தில் ஆள் லீவில் நிற்பார். ஆறாவது சம்பளத்துக்கு ஒரு கிழமை முன்பு கேட்கச் சொல்லுங்கள். போடுவதற்கு முன் ஆறு மாதச் சீட்டுகளின் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள், 14,500க்கு ஒரு பவுண் குறைந்தாலும் இன்னொரு மாதம் பொறுங்கள்.